‘நேற்று வரை இப்படி இல்லை’

அல்சைமரைக் கண்டறிய உதவும் முதல் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அனுமதி அளித்தது. அதற்கு முன், 2023இல் அந்நோய்க்கான லெக்கனெமாப் மருந்துக்கு முழு ஒப்புதல் கிடைத்தபோதும் பரபரப்புக்குக் குறைவில்லை. 18 மாதச் சோதனையின் முடிவில் அந்த மருந்து காட்டிய வித்தியாசமோ, நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளிதான். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மருந்து எட்டாது. ஆனால் காய்ச்சலோ, கீழே விழுந்த அடியோ அவர்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே நேரும் ஒரு பெரிய தவறைத் தவிர்க்கப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை.

‘மறதி நோய்க்காரர்தானே, அப்படித்தான் பேசுவார்’ என்று முடிவுகட்டுவதுதான் அந்தத் தவறு. மறதி நோய் பொதுவாக மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் முற்றுவது. நேற்று வரை மகளை அடையாளம் கண்டவர் இன்று உளறினால், பெரும்பாலும் அது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர் வற்றுதல், சோடியம் குறைவு, மலச்சிக்கல், எலும்பு முறிவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். கூச்சலிடுபவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். டெலிரியத்தின் இன்னொரு முகம் அமைதியானது. சாப்பிடாமல், பேசாமல், பகலெல்லாம் கண்மூடிக் கிடப்பவரை ‘நன்றாகத் தூங்குகிறார்’ என்று விட்டுவிடுகிறோம். அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான்.

சிறு தொற்று எப்படி ஒருவரின் புத்தியையே கலக்குகிறது? கவனத்தையும் விழிப்பையும் தாங்கும் வேதிப்பொருள்களில் முக்கியமானது அசெட்டைல்கோலின். மூளையின் அடிப்பகுதியில் உள்ள மெய்னர்ட் உட்கரு அதை மூளையின் வெளிப்பகுதியான புறணி முழுவதற்கும் அனுப்புகிறது. அல்சைமரில் இந்த உட்கருவின் செல்கள் அழிகின்றன. கோடைக்காலக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஊற்றுக்கண்கள் பல அடைபட்டுவிட்டன. ஆனாலும் காலையில் நாலு குடம், மாலையில் நாலு குடம் என்று இறைத்தால் வீட்டுக்குப் போதும். வெளியே பார்ப்பவருக்குக் கிணற்றின் குறை தெரியாது. ஒருநாள் விருந்தாளிக் கூட்டம் வந்து மோட்டாரை ஓடவிட்டால், தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்ச் சேறு கலந்து வருகிறது. தொற்றும் அழற்சியும்தான் அந்த விருந்தாளிகள், சேறுதான் உளறல். கூட்டம் கலைந்து கிணற்றைச் சற்று ஆறவிட்டால் நீர் மறுபடி ஊறும். காரணத்தைச் சரிசெய்தால் பலரும் தெளிவது அதனால்தான். சில நேரம் பழைய மட்டத்துக்கு ஏறாமலும் போகும். இருக்கும் ஊற்றையும் கல்லைப் போட்டு அடைப்பதைப் போன்றது, அமைதிப்படுத்துவதற்காகப் புரோமெத்தசின், டைபென்ஹைட்ரமின் போன்றவற்றைக் கொடுப்பது. இவை அசெட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை; சிறுநீரையும் அடைத்து, நோயாளியை மேலும் தவிக்க வைப்பவை.

இதையெல்லாம் மருத்துவம் அறிந்துகொண்ட வரலாறு சுருக்கமானது. மருத்துவர் அல்சைமர் தன் நோயாளியைப் பற்றி அறிவித்தது 1906இல். அசெட்டைல்கோலினை உருவாக்கும் நொதி இந்நோயில் குறைந்துபோவதை ஆய்வாளர்கள் காட்டியது 1976இல். டெலிரியத்தைக் கண்டறியும் எளிய முறையை ஷேரன் இனோயி குழுவினர் வெளியிட்டது 1990இல்.

‘நெரிசலில் இதற்கெல்லாம் மருத்துவருக்கு நேரம் ஏது?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் டெலிரியத்தைக் கண்டறியும் 4ஏடி என்ற சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்று உறவினரிடம் கேட்க அதுகூட வேண்டாம். ‘முரண்டு பிடிப்பவரை மயக்காமல் எப்படி?’ என்பது அடுத்த கேள்வி. உயிருக்கு ஆபத்து என்றால் மருந்து தேவைதான், மிகக் குறைந்த அளவில். அதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி இருக்கிறதா என்று முகச்சுளிப்பையும் முனகலையும் கவனிக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவர்களை ஒப்பிட்ட 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில், முற்றிய மறதி நோயாளிகளுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை வலிமருந்து மற்றவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். முறிவு ஒரே மாதிரிதான், வாய்விட்டுக் கேட்க முடியாததால் வலி கணக்கில் வரவில்லை. புதிய தலைமுறை மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பை அதிகரிப்பதாக எஃப்.டி.ஏ. 2005இலேயே எச்சரித்தது. லூயி பாடி வகை மறதி நோயில் ஹாலோபெரிடால் என்ற பழைய மனநோய் மருந்து உடலை விறைக்க வைத்து உயிருக்கே உலைவைக்கலாம்.

‘இதெல்லாம் பணக்கார நாட்டு வைத்தியம்’ என்பவர்களுக்கு இனோயி குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வே பதில். முதிய நோயாளிகளுக்குக் கண்ணாடி, காதுக்கருவி, குடிக்கத் தண்ணீர், நடைப்பயிற்சி, மாத்திரையில்லாத தூக்கம், பேச்சுத்துணை ஆகியவற்றை உறுதிசெய்ததில் டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. இவற்றில் பலவற்றை நம் ஊரில் கட்டிலருகே உட்காரும் உறவினரே செய்கிறார். அவரை வெறும் கூட்டமாக எண்ணி வெளியே நிறுத்துவது, இருக்கும் சிகிச்சையையே வெளியே அனுப்புவது. மறதி நோயாளியுடன் ஒருவர் இருக்க அனுமதிப்பதை எல்லா மருத்துவமனைகளும் விதியாக்க வேண்டும்.

வீட்டில் மறதி நோயாளி இருந்தால் இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: வழக்கமாக அவர் என்ன பேசுவார், எப்படி நடப்பார், வலித்தால் எப்படிக் காட்டுவார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். அவசரத்தில் அந்தத் தாளோடு அவருடைய கண்ணாடியையும் காதுக்கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால், ‘நேற்று வரை இப்படி இல்லை’ என்று அழுத்திச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான தகவலை அந்த நேரத்தில் எந்த ஸ்கேனும் தராது.