குழலின் அளவு

"துப்பாக்கிக் குழலின் அளவை மாற்ற முடியுமா, ஸார்?" என்று திருவரங்குளத்து மாணவன் ஒருவன் என்னை வினவினான்.

முடியும், நம் தேசத்தில் இருமுறை நடந்திருக்கிறது. குழலின் உட்புறத்துப் புரிகளே குண்டைச் சுழற்றிக் குறி தவறாமல் செலுத்துகின்றன. 1857-ஆம் வருஷக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில சர்க்கார், 0.577 அங்குல என்பீல்டின் உருவத்திலேயே, புரியற்ற 0.65 அங்குலக் குழலை இந்தியச் சிப்பாய்களுக்கு அளித்தனர். தூரமும் குறியும் குறைந்தன.

1962-ஆம் வருஷச் சீன யுத்தத்திற்குப் பின், வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையார் 0.303 அங்குல என்பீல்டின் அமைப்பை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றினர். புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். ஆகவே உறுதியான எஃகையும் கையாண்டனர்.

"இரண்டும் அளவு மாற்றந்தானே, ஸார்?" என்றான் பையன்.

ஆம், தம்பி. முன்னது நம்மை நம்பாதவர்கள் செய்தது; பின்னது நாமே செய்துகொண்டது.