வேர்க்கடலைக்குள் இரண்டு செடிகள்

சூளகிரியைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் ராகி, அவரை, கொள்ளோடு வேர்க்கடலையும் மழையை நம்பி விளைகிறது. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை விரிந்துவந்தாலும், மானாவாரி விவசாயிக்குக் கல்லக்காய் என்கிற இந்த வேர்க்கடலை இன்னும் கைகொடுக்கும் பயிர். இதன் பூர்விகம் தென் அமெரிக்கா என்பது பழைய செய்தி. எந்தக் காட்டுச் செடிகளிலிருந்து இது பிறந்தது என்ற கேள்விக்கு மரபணுத் தொகுப்பைப் படித்த பிறகுதான் தெளிவான விடை கிடைத்தது.

வேர்க்கடலையின் செல்லில் 40 குரோமோசோம்கள் இருக்கின்றன. அதன் காட்டு உறவினர்களில் பெரும்பாலானவற்றுக்கு 20தான். அப்படியானால் இரண்டு செடிகள் இதற்குள் சேர்ந்திருக்க வேண்டும். அராகிஸ் டுரனென்சிஸ், அராகிஸ் இபயென்சிஸ் என்ற அந்த இரு காட்டுச் செடிகளின் மரபணுத் தொகுப்பை டேவிட் பெர்டியோலி உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 2016இல் வெளியிட்டது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் இயங்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் அதில் பங்கேற்றனர். 2019இல் பயிர் வேர்க்கடலையின் தொகுப்பும் வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 270 கோடி டிஎன்ஏ எழுத்துகள்; மனிதனுடையதைவிடச் சற்றே குறைவு.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். பயிரின் ஒரு பாதி, பொலிவியாவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அறியப்பட்ட இபயென்சிஸோடு 99.96 சதவீதம் ஒத்துப்போனது.

மற்றச் செடியான டுரனென்சிஸோ அர்ஜென்டினாவின் வடமேற்கிலும் அதையொட்டிய பகுதிகளிலும் வளர்வது. இரண்டும் எப்படிச் சந்தித்தன? வேர்க்கடலைப் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். கருவுற்றதும் பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணைத் துளைக்கும். இருட்டுக்குள் போன பிறகுதான் அதன் நுனி காயாகப் பருக்கும். காற்றோ பறவையோ விதையைத் தூக்கிச் செல்ல வழியில்லை. தானாகப் பரவினால் ஆண்டுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே அதிகம். ஆகவே, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வாழ்ந்த மக்களே ஒரு செடியை மற்றதன் நிலத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டும் கலந்து பிறந்த செடியில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, புதிய இனம் உருவானது. அதோடு காட்டு உறவினர்களுடன் இயல்பாகக் கலக்கும் வாய்ப்பு அறுந்துபோனது. உலகம் முழுக்க விளையும் வேர்க்கடலை மரபணு வளத்தில் ஏழையாக இருப்பதற்கு இதுவே காரணம். நோய் வந்தால் எதிர்த்து நிற்க அதனிடம் சரக்குக் குறைவு.

துரு நோய் கண்ட இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்புறமெங்கும் செங்காவிக் கொப்புளங்கள். இலைப்புள்ளி நோயும் சேர்ந்துகொண்டால் செடி இலையை உதிர்த்துவிடும், காய் வற்றும். இதற்கு எதிர்ப்பு கிடைத்தது அராகிஸ் கார்டினாசி என்ற இன்னொரு பொலிவியக் காட்டுச் செடியிடம். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜிபிபிடி 4 ரகத்தில் அதன் மரபணுத் துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு எங்கே என்று காட்டும் குறியீடுகளைக் கொண்டு, இக்ரிசாட் அதை டிஏஜி 24, ஜேஎல் 24 போன்ற ரகங்களுக்கு மாற்றியது. பழைய முறையில் வயலில் நோய் வரும்வரை காத்திருந்து தேட வேண்டும். இப்போது நாற்றின் இலைத்துணுக்கே போதும்.

எண்ணெய்க்கும் இந்த இரட்டைப் பிறப்பு முக்கியம். ஒலிக் அமிலத்தை லினோலிக் அமிலமாக்கும் மரபணு, இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. ஒன்றை முடக்கினால் மற்றது வேலையைத் தொடரும். இரண்டும் முடங்கினால்தான் ஒலிக் அளவு 80 சதவீதத்தை எட்டும். அப்போது எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்காது. ஜுனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி மையமும் இக்ரிசாட்டும் உருவாக்கிய கிர்நார் 4, கிர்நார் 5 ரகங்கள் அப்படிப்பட்டவை.

இவ்வளவுக்கும் அடிப்படை, யாரோ காட்டில் சேகரித்து, எல்லை தாண்டி அனுப்பி, பத்திரப்படுத்திய விதைகள். இக்ரிசாட் விதை வங்கியில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வேர்க்கடலை மாதிரிகள் உள்ளன. நம் மேட்டு நிலங்களில் அருகிவரும் பழைய ரகங்களையும் இப்போதே சேர்த்துவைக்க வேண்டும். மரபணுத் தொகுப்பு எதைத் தேடலாம் என்று வழிகாட்டும். இல்லாத விதையிலிருந்து அதனால் எதையும் எடுத்துத் தர முடியாது.