டைவ் முடிந்த இரவே தங்கவயலுக்கு ரயில் ஏறாதீர்கள்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நம் தாத்தாக்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தார்கள். பாறை வெடிப்பு, சூடு, சிலிக்கோசிஸ் எல்லாம் அவர்களை வாட்டின. காற்றழுத்தம் மட்டும் பெரிய தொல்லை தரவில்லை. அத்தனை ஆழத்திலும் அது தரையில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்குக்குள்தான். கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பு. 30 மீட்டரில் நான்கு மடங்கு.

அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. நிதானமாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். நேரத்தை மீறினாலோ அவசரமாக ஏறினாலோ, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழியிடும். இதற்குக் கணக்குப் போட்டு 1908இல் அட்டவணை வெளியிட்டவர் ஜே. எஸ். ஹால்டேன். சுரங்கத்தின் விஷவாயுவை முன்கூட்டியே அறியச் சிறு பறவையைக் கூடவே கொண்டுபோகச் சொன்னவரும் அவரே. சுரங்க ஊர்க்காரர்கள் மறக்கக்கூடாத பெயர்.

இன்று பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வார இறுதியில் புதுச்சேரிக்கும் நேத்ராணி தீவுக்கும் டைவிங் போகிறார்கள். ஒரே நாளில் இரண்டு டைவ், மூன்று டைவ். சிக்கல் இரண்டாவதில்தான் தொடங்குகிறது, முதல் டைவின் நைட்ரஜன் இன்னும் உடம்பில் மிச்சமிருப்பதால்.

எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு மிச்சம் என்பதில் அட்டவணைகள் ஒத்துப்போவதில்லை. 18 மீட்டரில் முதல் டைவுக்கு, டைவிங் பயிற்சி அமைப்பான பேடியின் (PADI) அட்டவணை 56 நிமிடம் தருகிறது. கனடாவின் டிசிஐஈஎம் (DCIEM) அட்டவணை 50. 30 மீட்டரில் முறையே 20, 15. ஓய்வு நேரக் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது. நைட்ரஜன் 60 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்று பேடி கொள்கிறது. நெடுநாள் புழங்கிய அமெரிக்கக் கடற்படை அட்டவணைக்கு அது 120 நிமிடம். 3 மணி நேரம் படகில் உட்கார்ந்திருந்தால் முதல் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம்; இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பேடி தாராளமாகக் கழிப்பது, நிறுத்தமின்றி மேலே வரக்கூடிய குறுகிய டைவ்களுக்கென்றே அது அமைந்ததால். ஆகவே ஓர் அட்டவணையில் மிச்ச நைட்ரஜனைக் குறிக்கக் கிடைத்த குழு எழுத்தை இன்னொன்றில் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. நண்பர் கட்டியிருந்த டைவ் கணினியை வாங்கி இரண்டாவதுக்கு இறங்குவதும் அப்படித்தான். அதற்குத் தெரிந்தது அவர் உடம்பு.

இனி நம் ஊர் விஷயம். இந்த அட்டவணைகளெல்லாம் கடல்மட்டத்துக்குப் போட்டவை. தங்கவயலோ ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டை தாண்டி ரயில் மேட்டில் ஏறஏற வெளியழுத்தம் குறைகிறது, குமிழிக்கு வழி திறக்கிறது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் விமானப் பயண விதியில், சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரயிலுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் கடைசி டைவ் என்றால் திங்கள் காலைதான் புறப்பாடு. ஒருநாள் சம்பளம் போகட்டும்.

மூட்டு வலி, தோலில் திட்டு, கால் மரத்தல், தலைசுற்றல், சிறுநீர் இறங்காமை: டைவுக்குப் பிறகு இதில் எது வந்தாலும் அலைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். படுக்க வையுங்கள், தூய ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள், 108ஐ அழையுங்கள். “டைவ் செய்தார்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உயரழுத்த அறையில்தான் முழுச் சிகிச்சை. மறுபடி கடலில் இறக்குவதும், “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று மேட்டுக்கு அழைத்து வருவதும் கேட்டை வளர்க்கும்.

பணம் கட்டிய நீங்கள் நுகர்வோர். எந்த அட்டவணை, படகில் ஆக்சிஜன் உண்டா, பக்கத்து உயரழுத்த அறை எங்கே என்று கட்டணம் செலுத்துமுன் கேளுங்கள், மழுப்பினால் இறங்காதீர்கள். பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டதாலேயே புகார் உரிமை போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. உதவிக்கு 1915. ரசீதையும், ஒவ்வொரு டைவின் ஆழமும் நேரமும் எழுதிய ஏட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். மருத்துவர் கேட்பதும் அந்த ஏட்டைத்தான்.