ஏசியில் கேஸ் தீராது, கசியும்

சித்திரை பிறக்கும் முன்பே ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். வருகிறவர் வெளியே இருக்கும் யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபுல் பண்ணிரலாம்" என்பார். ராத்திரி முழுக்கப் புழுக்கத்தில் கிடந்த வீட்டுக்காரர், "சரி தம்பி, பண்ணிருங்க" என்பார். சில ஆயிரம் ரூபாய் கைமாறும். மறு வருடக் கோடையிலும் இதே பேச்சு, இதே செலவு.

பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகும் பொருள் அல்ல ஏசி கேஸ். மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் சூட்டை உள்ளே வாங்கி வெளியே கொட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஓட்டை இல்லையென்றால் பத்து வருடமானாலும் அளவு குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது நம் பணத்தைக் காற்றில் விடுவதுதான். "வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

குளிர்ச்சி குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்பதும் இல்லை. பாதிக்கு மேல் அழுக்கின் வேலை என்பது என் எண்ணம். உள் யூனிட்டின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்ட எந்த மெக்கானிக்கும் தேவையில்லை. வெளி யூனிட்டில் ஃபேன் மட்டும் சுற்றி கம்ப்ரசர் ஓடவில்லையென்றால், இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளில் சந்தேகம் முதலில் போகவேண்டியது கெப்பாசிட்டர் மீது. சில நூறு ரூபாயில் முடியும் சமாச்சாரம் அது. ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை மட்டும் நாமே தொடக்கூடாது. உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகால் குழாய் அடைத்திருக்கும். அதற்கும் கேஸ் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

சரி, கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால்? வெளி யூனிட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும் பித்தளை நட்டுகளைப் பாருங்கள். அவற்றைச் சுற்றிக் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அநேகமாக அங்கேதான். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து வெளியே வருவதால் அந்தக் கறை. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று காயிலையே அரித்துப் பொத்தல் போடும்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முதலில் குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அடைத்ததும் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வேக்குவம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார்கள். இதற்கே அரை மணி நேரம் பிடிக்கும். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, எடை பார்த்து கேஸ் ஏற்றுவார்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டிலேயே அச்சாகியிருக்கும். அதைப் போன் கேமராவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பம்பும் தராசும் இல்லாமல் வருகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.

இதில் பணம் மட்டும் போவதில்லை. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 தீப்பிடிக்காது. இன்று பெரும்பாலான வீட்டு ஏசிகளில் வரும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றும். சில மாடல்களில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் கேஸின் நெருங்கிய உறவு. மூடிய அறையில் கசிவு இருக்கும்போது பற்றவைப்பு வேலை செய்வது உயிரோடு விளையாட்டு. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து அழுத்தம் ஏற்றுவது இன்னும் மோசம். ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தத்தில் சந்தித்தால் வெடிக்கும். அப்படிப்பட்ட சிலிண்டரைக் கண்டால் கூச்சப்படாமல் வேலையை நிறுத்துங்கள். ஏசியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓட்டும் பழக்கத்தையும் நிறுத்தலாம். அதற்கெனத் தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த் இல்லாமல் ஏசி வைக்கவே கூடாது.

இப்போது காகித விஷயம். வாரன்டி அட்டையில் "கம்ப்ரசருக்கு 10 ஆண்டு" என்று பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில், கேஸும் கூலியும் போக்குவரத்துச் செலவும் அதில் சேராது என்று இருக்கக்கூடும். ஏஎம்சி எனப்படும் வருடாந்திர ஒப்பந்தத்திலும் இரண்டு வகை. ஒன்றில் உதிரி பாகங்களும் அடக்கம், மற்றதில் கூலி மட்டும். கேஸ் எதில் வருகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கியபிறகே பணம் கட்டுங்கள்.

கம்பெனி ஆள் வந்தால் இன்னொரு கண்ணி உண்டு. வேலை முடிந்ததும் உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொன்னால் புகார் தீர்ந்ததாகக் கணக்கில் மூடப்படும். "ஸ்பேர் நாளைக்கு வரும் மேடம், ஓடிபி மட்டும் சொல்லிருங்க" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். ஏசி ஓடி, அறை குளிர்ந்த பிறகு சொன்னால் போதும். பிசிபி போர்டு போய்விட்டது என்று கழற்றினால் அதன் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஜாப் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கெல்லாம் துணை நிற்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. செய்த வேலைக்கு முறைப்படி பில் கொடுக்காதது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். பலிக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் கொண்டுபோவார்களே தவிர தீர்ப்பு சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை.

தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடையும் கம்பெனியும் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்கவேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

அங்கே பேசுவது பில்லும் படமும் வாட்ஸ்அப் செய்தியும்தான். தெருமுனை மெக்கானிக்காகவே இருந்தாலும் பணத்தை யூபிஐயில் கொடுத்து, "கசிவு அடைத்தது, கேஸ் இத்தனை கிராம்" என்று அவரிடமிருந்து ஒரு வரி வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

மெக்கானிக்கைத் தேடுமிடத்திலேயே மோசடி தொடங்கிவிடுவதும் உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண் போலியாக இருக்கலாம். வாரன்டி அட்டையிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உள்ள எண்ணையே அழையுங்கள். பதிவுக்கு 10 ரூபாய் கட்ட ஒரு செயலியை இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துச் சொல்லவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்பு முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு.