மேசைக் கணினியின் உட்செருகுவாய்களும் பழைய தமிழ்க் கோப்புகளும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

பழைய மேசைக் கணினியின் பின்புறத்தில் ஒடுங்கிய உலோகத் தகடுகள் சில வரிசையாகத் திருகப்பட்டிருக்கும். அவற்றுக்கு நேர் உள்ளே, தாய்ப்பலகையின்மீது விரிவாக்கச் செருகுவாய்கள் அமைந்துள்ளன. பெட்டியைத் திறந்தாலன்றி அவை எத்தனை, எவ்வகையின என்பது புலப்படாது. தகடு உள்ள இடமெல்லாம் செருகுவாய் இருப்பதுமில்லை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினி 5 செருகுவாய்களைக் கொண்டிருந்தது. 1984இன் ஏ.டி. வகைக் கணினியில் அவற்றுட் பல 16 பிட் அளவுக்கு நீட்டப்பட்டன. பின்னாளில் ஐ.எஸ்.ஏ. எனப் பெயர் பெற்றவை இவையே.

இச்செருகுவாய் வழியாகவும் தமிழ் கணினித்திரைக்கு வந்தது. டாஸ் இயங்குதளம் 256 குறிகளை மட்டுமே அறியும். அவற்றுள் தமிழுக்கு இடமில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருப்பெற்று, 1988இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தால் பரவலாக்கப்பட்ட ஜிஸ்ட் அட்டை இக்குறையைத் தீர்த்தது. செருகுவாயில் பொருத்தப்பட்ட அவ்வட்டை, ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட தரவுத்தள மென்பொருளிலும் இந்திய எழுத்துகளைக் காட்டியது. கோப்பில் பதிவானதோ இஸ்கி என்னும் குறிமுறை மட்டுமே. 1991இல் இந்தியத் தரமாக (ஐ.எஸ். 13194) ஏற்கப்பட்ட இம்முறையில் எழுத்துக்கு எண் உண்டு, வடிவம் இல்லை. வடிவம் தருவது அட்டையின் வேலை.

அட்டை நீங்கினால் நேர்வது கருதத்தக்கது. இஸ்கியில் ககரத்தின் எண் 179. ஹகரத்தின் எண் 216. மெய்வரிசை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில் அடங்கும். டாஸின் இயல்பான குறித்தொகுதியில் இதே எண்கள் அட்டவணைக் கோடுகளுக்கு உரியவை. எனவே அட்டையில்லாக் கணினியில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பட்டியல் முறிந்த கட்டங்களின் குவியலாகத் தோன்றும். கோப்பு சிதைந்துவிட்டது என்று எவரும் எண்ணுவர். உண்மையில் ஓர் எழுத்தும் அழிந்திராது.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் இவ்வேறுபாடு தனிக் கவனம் பெற வேண்டும். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் உருவான அரியலூர் மாவட்டம் 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. தமிழ்க் கணிமையின் மாற்றங்களும் இதே காலத்தவை. 1995இல் டாஸும் ஐ.எஸ்.ஏ.வும் வழக்கில் இருந்தன. 1999இல் டாம், டாப் எழுத்துருக் குறிமுறைகள் வகுக்கப்பட்டன. பின்னர் ஒருங்குறி பரவியது. ஆகவே இப்பகுதியின் ஓர் ஊர்ப்பெயர் மூன்று காலத்துக் கோப்புகளில் மூன்று வகையாகப் பதிவாகியிருக்கக்கூடும். கோப்புகளைத் தேடுவோர் மாவட்டத் தலைநகரைப் பார்ப்பதோடு குறிமுறையையும் பார்க்க வேண்டும்.

கழிக்கப்படும் கணினியைத் திறந்து பார்ப்பது இங்கு உதவும். ஐ.எஸ்.ஏ. செருகுவாய் நீளமானது, பெரும்பாலும் கருநிறம். 1992இல் அறிமுகமான பி.சி.ஐ. குட்டையானது, பெரும்பாலும் வெண்ணிறம். இரண்டும் அருகருகே அமைந்து ஒரே பின்திறப்பைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அப்போது ஒன்றையே பயன்படுத்த இயலும். நீண்ட செருகுவாயில் மொழி அட்டை எஞ்சியிருப்பின், அக்கணினியின் வன்தட்டை அழிக்குமுன் படியெடுத்தல் வேண்டும்.

படியெடுத்ததை மீட்க அட்டை தேவையில்லை. ஒருங்குறியின் தமிழ்த் தொகுதி இஸ்கியின் முந்தைய வடிவத்தைப் பின்பற்றியதாதலால், 'கொ' என்பது இரண்டிலும் மெய், அதன்பின் உயிர்க்குறி என்ற வரிசையிலேயே அமைகிறது. எண்களை மாற்றினாலே பெரும்பாலும் போதும். கொம்பு, மெய், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்த எழுத்துருக் கோப்புகளை மாற்றுவதே கடினம். காலத்தால் முந்தியது மீட்க எளிதாகவும் பிந்தியது அரிதாகவும் இருப்பது வியப்பே.