'கார்போ சிரிக்கிறார்!': கம்யூனிஸ்ட் அதிகாரியும் பாரிஸ் பிரபுவும் காதலித்தால்?

கொள்கையில் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு பேர் காதலித்தால், கடைசியில் யார் மாறணும்? எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'நினோச்கா' (1939) இந்தக் கேள்வியை வைத்துத்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. திரைக்கதை எழுதியவர்களில் பில்லி வைல்டரும் ஒருவர்.

கதை என்ன?

புரட்சியின்போது ரஷ்ய இளவரசி ஒருவரிடம் பறிமுதல் செய்த நகைகளை விற்க, மூன்று சோவியத் அதிகாரிகள் பாரிஸ் வருகிறார்கள். ஆடம்பர ஓட்டலில் கிடைக்கும் ராஜ உபசாரத்தில் மூவரும் சொக்கிப் போகிறார்கள். பாரிஸில் தஞ்சம் புகுந்த இளவரசியோ, தன் நெருங்கிய நண்பர் லியோன் பிரபு மூலம் கோர்ட்டுக்குப் போய் விற்பனையைத் தடுக்கிறார்.

விஷயத்தைச் சரிசெய்ய மாஸ்கோ அனுப்பும் கறார் அதிகாரிதான் நினோச்கா (கிரேட்டா கார்போ). ரயிலடியில் பெட்டியைத் தூக்க வரும் போர்ட்டரிடம், "அடுத்தவர் சுமையை நீங்க ஏன் தூக்கணும்? இது சமூக அநீதி" என்கிற ரீதியில் பேசுவார். அது கிடைக்கும் டிப்ஸைப் பொறுத்தது என்பார் போர்ட்டர்!

லியோன் (மெல்வின் டக்ளஸ்) உழைத்துப் பழக்கமில்லாத உல்லாசப் பேர்வழி. இருவரும் யார், எவர் என்று தெரியாமலேயே தெருவில் சந்திக்கிறார்கள்.

எந்த இடத்தில் மனசு மாறுகிறது?

தொழிலாளர்கள் சாப்பிடும் ஒரு சின்ன உணவகம். லியோன் ஜோக் மேல் ஜோக்காகச் சொல்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், நினோச்கா அசையவே இல்லை. வெறுத்துப்போன பிரபு நாற்காலியோடு சரிந்து விழ, கடை முழுக்கச் சிரிப்பு. நினோச்காவும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். 'கார்போ சிரிக்கிறார்' என்றே படத்தை விளம்பரம் செய்தார்கள்.

கவனியுங்கள், வாதத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. ஒரு பிரபு எல்லோர் முன்னாலும் கீழே விழுகிறார், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் அங்கே மேல், கீழ் இல்லை.

கம்யூனிசத்தை மட்டும்தான் கிண்டல் செய்கிறதா?

அப்படித்தான் பலர் நினைத்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் படத்துக்குத் தடை. இத்தாலியில் 1948 தேர்தலுக்கு முன்பு, கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிரான பிரசாரத்தில் இந்தப் படமும் பயன்பட்டது. மாஸ்கோ காட்சிகள் அப்படி: லியோன் எழுதிய கடிதம் தணிக்கை ஆகி, தொடக்கமும் கையெழுத்தும் மட்டும் மிஞ்ச வந்து சேரும்.

ஆனால் அதே மாஸ்கோவில்தான், நண்பர்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து சேர்ந்து ஆம்லெட் போடுகிறார்கள். பாரிஸ் பக்கமும் தப்பவில்லை. மார்க்ஸைப் படித்துவிட்டு லியோன் சமத்துவம் பேச, வேலைக்காரர் பதறுகிறார். அவருக்கு இரண்டு மாசமாகச் சம்பளம் வரவில்லை. எல்லாவற்றையும் சமமாகப் பங்கு போட்டால், போவது அவர் சேமிப்புதானே?

சரி, யார் மாறுகிறார்கள்?

இருவருமே. ஆனால் கணக்கு சமமில்லை. லியோன் விடுவது சோம்பேறி வாழ்க்கையை. நினோச்கா விடுவது சொந்த நாட்டை. நகை வழக்கைக் கைவிடுகிறேன், நீ உடனே ஊருக்குக் கிளம்பு என்று இளவரசி பேரம் பேசியபோது, காதலை விட்டு நாட்டு நலனைத் தேர்ந்தெடுத்தவர் அவர். கடைசியில் கான்ஸ்டான்டிநோபிளில் காதலர்கள் சேரும்போது, அதையும் அவர்தான் விட வேண்டியிருக்கிறது. படத்தின் இனிப்புக்குள் இருக்கும் கசப்பு இது.

அதைப் படமும் உணர்ந்திருக்கிறது போல. அந்த ஊரில் உணவகம் தொடங்கிய மூன்று ரஷ்யர்களில் ஒருவர், மற்ற இருவரும் தனக்கு அநியாயம் செய்வதாகப் போராட்டப் பலகையோடு வாசலில் நடப்பதுதான் கடைசிக் காட்சி. ஊரை மாற்றலாம், அமைப்பை மாற்றலாம். பங்காளிச் சண்டை மட்டும் கூடவே வரும்!

85 வருஷம் தாண்டியும் இந்தப் படத்துக்கு வயதாகாததற்கு அதுவே காரணம்.