முதலீட்டாளர் முன் ஒரு மிளகுத் தொழில்: மாத்தளையில் முதல் திரட்டும் வழி

புதிய தொழிலுக்கு முதல் திரட்டப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. வங்கிக் கடன் என்றால், தொழில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வட்டியோடு கட்டித் தீர்க்க வேண்டும். முதலீட்டாளர் பணத்துக்குப் பதிலாகக் கம்பனியின் பங்கைப் பெற்று, இலாபத்திலும் நட்டத்திலும் கூட்டாளியாகிறார். அதனால் வங்கி பிணையைப் பார்க்கிறது. முதலீட்டாளர் வளர்ச்சிக்கான ஆதாரத்தைப் பார்க்கிறார். அந்த ஆதாரத்தைச் சில நிமிடங்களில் ஒழுங்காக எடுத்துரைப்பதே முதலீட்டு முன்வைப்பு.

மாத்தளைக்கு இது மிக அவசியமானது. மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் விளையும் மாவட்டம் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருக்கிறது. இருந்தும் சிறு தோட்டக்காரர் பலர் விளைச்சலை மூட்டையாகவே விற்றுவிடுகின்றனர். தரம் பிரித்து, அரைத்து, பொதி செய்து விற்றால் கிடைக்கும் கூடுதல் வருமானம் ஊரிலேயே தங்க, இயந்திரமும் நடைமுறை முதலும் வேண்டும்.

உக்குவளை, றத்தோட்டைப் பகுதிகளில் பச்சை மிளகு வாங்கி, உலர்த்திப் பொதி செய்யும் கம்பனி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் முன்வைப்பு முதலில் சிக்கலைச் சொல்ல வேண்டும்: சரியாக உலராத மிளகில் பூஞ்சணம் பிடிக்கும், விலை விழும். அடுத்து தீர்வு: சுத்தமான உலர்த்தும் முறை, தரம் பிரித்தல். இலங்கை மிளகில் காரம் தரும் பைப்பரின் மிகுதி என்பது பெரிய பலம். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. ஆய்வுகூட அறிக்கையும், ஒரு லீற்றர் மிளகின் எடை எத்தனை கிராம் என்ற அளவீடும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது சந்தை. உலகம் முழுவதும் மிளகு உண்கிறது என்பது எந்த முதலீட்டாளரையும் அசைக்காது. ஏற்கெனவே வாங்கிய கடைகள் எவை, அவற்றில் மீண்டும் வாங்கியவை எத்தனை, விலை என்ன என்பவையே எடுபடும்.

கணக்கே முன்வைப்பின் முதுகெலும்பு. ஒரு கிலோ உலர் மிளகுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு தேவை. அந்தக் கொள்வனவு விலையுடன் கூலி, எரிபொருள், பொதி, போக்குவரத்து சேர்ந்ததே அடக்கவிலை. அறுவடைக் காலத்தில் விவசாயிக்கு உடனே காசு கொடுக்க வேண்டும்; கடைகளிடமிருந்து பணம் வரத் தாமதமாகலாம். இந்த இடைவெளியைத் தாங்கும் முதலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், இலாபம் காட்டும் தொழிலும் நின்றுபோகும்.

கேட்கும் தொகையும் கொடுக்கும் பங்கும் தெளிவாக இருக்க வேண்டும். 50 இலட்சம் ரூபாய்க்கு 20 சதவீதப் பங்கு என்றால், முதலீட்டுக்குப் பின் கம்பனியின் மதிப்பு 2.5 கோடி, முன் மதிப்பு 2 கோடி. அந்த 2 கோடி எப்படி வந்தது என்ற கேள்வி நிச்சயம் எழும். பணத்தில் எவ்வளவு இயந்திரத்துக்கு, எவ்வளவு கொள்வனவுக்கு என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். விலை வீழ்ச்சி, மழை போன்ற ஆபத்துகளை மறைக்காமல் சொல்வது நம்பிக்கையை வளர்க்கும்.

அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாக்கி சொன்ன விதி பரவலாக அறியப்பட்டது: 10 ஸ்லைடுகள், 20 நிமிடங்கள், 30 புள்ளிக்குக் குறையாத எழுத்து. மீதி நேரம் கேள்விகளுக்கு.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்குகளை வழங்க முன்வர முடியாது. ஊழியர் நீங்கலாகப் பங்குதாரர் 50 பேரைத் தாண்டவும் கூடாது. ஆகவே பங்கு விற்பனையைப் பத்திரிகையில் விளம்பரப்படுத்தாமல், தெரிந்தெடுத்த முதலீட்டாளர்களிடமே பேச வேண்டும். வணிகக் குறியை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே பதிந்துகொள்வது நல்லது.

முன்வைப்பு பிடித்துப்போனாலும் பணம் அன்றே வராது. கணக்குப் புத்தகங்கள், வரிப் பதிவு, காணிக் குத்தகை, அனுமதிப்பத்திரங்கள் ஆகியவற்றை முதலீட்டாளர் சரிபார்ப்பார். அதன்பின் வாக்குரிமை, இலாபப் பங்கு, பங்கை விற்று விலகும் முறை ஆகியவற்றை வரையறுக்கும் பங்குதாரர் உடன்படிக்கை கைச்சாத்தாகும். புதிய பங்குகள் வழங்கப்பட்டதைக் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும்.